கந்தக ஆரத்தி

லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் யாராவது ஒருநாள் ஒரு மஞ்சள் பொடியை நீட்டி, இது என்ன என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். மூடியைத் திறங்கள். கையால் விசிறி முகருங்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவிப் பாருங்கள். அதற்குள் டீ ஆறிப்போனால் போகட்டும். நான் ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டினேன். அந்த ஓர் ஆட்டலில் ஒரு தொழிற்சாலையே இல்லாத முட்டையைத் தேடி அலைந்தது, ஒரு வெள்ளித் தட்டு கரிச்சட்டி ஆனது, ஒரு பெண்ணின் வேலை நூலிழையில் தொங்கியது.

ஓசூரில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் இந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் லேப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயதில், ஒரே நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இப்போது கிருஷ்ணகிரியில் வீடு. ஓய்வு என்கிறார்கள். எனக்கு எந்த ஓய்வும் தென்படவில்லை. மாம்பழக் கூழ் ஆலைக்காரர்கள் ஏதாவது சந்தேகம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடுகிறேன். கேட்காவிட்டாலும் அந்தப் பக்கமாக ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.

ரப்பருக்குக் கந்தகம் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கந்தகம் சேராத பச்சை ரப்பர், பாகு பதம் தப்பிய மிட்டாய். இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். கந்தகத்தைச் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால்தான் அது இழுபட்டுத் திரும்பி வரக் கற்றுக்கொள்கிறது. அதனால் நம் லேபில் கந்தகம் வீட்டு உப்பு மாதிரி. எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம்.

தனிமம், சேர்மம், கலவை. பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கத்தில் படித்து மறுபக்கத்தில் மறந்த வார்த்தைகள். எனக்கு அவற்றின் அர்த்தத்தைப் புரியவைத்தவர் ஓர் எலக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஸ்டோரில் ஒரு கந்தக மூட்டை வாய் பிளந்து கிடந்தது. பக்கத்து அறையில் இரும்பைத் தேய்க்கும் வேலை. தூள் பறந்து வந்து மூட்டைக்குள் குடியேறிவிட்டது. மஞ்சளுக்குள் சாம்பல் புள்ளிகள், மிளகு தூக்கலாகப் போட்ட பொங்கல் போல. எனக்கு அறிவைக் காட்ட ஆசை. சூடாக்கி உருக்கி வடித்துவிடலாம் என்றேன். ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தவர், கீழே பார்க்காமலே சொன்னார்.

"சூடு காட்டுனா ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கும் மேடம். இப்ப ஒரே பஸ்சுல பக்கத்து பக்கத்து சீட்டுல உக்காந்துனு போவுது, அவ்ளோதான். எறக்கி வுட்டா தீந்துச்சு."

இறங்கி வந்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பாலிதீன் கவரில் சுற்றி மூட்டைக்குள் விட்டுத் துழாவினார். இரும்பு மட்டும் மீசை முளைத்தது போல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கந்தகம் தன் பாட்டுக்கு இருந்தது. நான் சொன்னபடி சூடாக்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து கறுப்பாக மூன்றாவது ஒன்றாகியிருக்கும். அதில் மஞ்சளும் இல்லை, காந்தத்துக்கு ஓடிவரும் இரும்பும் இல்லை. கலவையில் அவரவர் குணம் அவரவரிடம் இருக்கிறது. சேர்மத்தில் இருவர் குணமும் போய்ப் புதுக் குணம் ஒன்று பிறக்கிறது. இதை ஏணியில் நின்றபடி ஒருவர் சொல்லி, கீழே நின்று நான் கேட்டேன். பட்டம் என் பெயருக்குப் பின்னால் இருந்தது.

இனி ஆயுத பூஜைக் கதை.

நம் ஷெட்டைப் பார்த்திருக்கிறீர்கள். கார்பன் பிளாக் என்ற அந்தக் கரித்தூள் படாத இடம் கிடையாது. காதில் கரி, சோற்றில் கரி, தும்மினால் கரி. வெள்ளைச் சுவர் இருக்கும் ஒரே அறை லேப். அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம்: பூஜைச் சாமான் எல்லாம் லேபில்தான் வைப்பார்கள். பூஜைக்கு முந்தைய நாளே என் மேசை பூக்கடையாகிவிடும். இழுவிசை இயந்திரத்தின் மேல் வாழைத்தார். பியூரெட் ஸ்டாண்டில் சாமந்திச் சரம். மின்தராசுத் தட்டில் கற்பூரம். குங்குமம், சுண்ணாம்பு, வெற்றிலை, எலுமிச்சை எல்லாம் என் சோதனைக் குடுவைகளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அந்த அறையில் அன்று எது கடவுளுக்கு, எது கஸ்டமருக்கு என்று எனக்கே தெரியாது.

அந்த வருடம் புது பிரஸ் மிஷின் ஒன்று வந்திருந்தது. பூஜையன்று அதற்கு ஆரத்தி சுற்றி ஓட்டத் தொடங்குவதாக ஏற்பாடு. ஆரத்தி சுற்ற ஓனரின் அம்மாவே பெங்களூரிலிருந்து வருகிறார். தன் மாமியார் கொடுத்த வெள்ளித் தட்டைக் கொண்டுவருகிறார் என்று இரண்டு நாளாகப் பேச்சு.

இன்னொரு பேச்சும் இருந்தது. ஒப்பந்தத்தில் இருந்த துப்புரவுப் பெண்களில் ஐந்து பேரைக் கம்பெனி ஆட்களாக எடுக்கப்போகிறார்கள். பட்டியல் நிர்வாக மேலாளர் செல்வக்குமாரின் சட்டைப் பையில் இருந்தது. திங்கட்கிழமை பலகையில் ஒட்டுவார்கள். அதில் நாலாவது பெயர் முனியம்மா.

முனியம்மா வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். ஒன்பது வருடமாக ஒப்பந்தக்காரர் வேனில் வந்து இறங்கி, என் லேபை என் வீட்டை விடச் சுத்தமாக வைத்திருந்தார். ஆரத்தி கரைக்கும் வேலையும் வருடாவருடம் அவருடையதுதான்.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய வாரம் கஸ்டமர் தணிக்கை. 'லேபிள் இல்லாத டப்பா ஒன்றுகூட லேபில் இல்லை' என்று ஒரு தாளில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பூஜையன்று காலை, கந்தகத்தைச் சலித்துப் பார்த்தேன். குடுவைகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. கையில் என்ன கிடைத்தது? என் சாப்பாட்டு எவர்சில்வர் டப்பா. அதில் கொட்டி மூடினேன். லேபிள் ஒட்டவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவோமே என்றிருந்தேன். விபத்துகள் எல்லாமே அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் குடியிருக்கின்றன.

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் முனியம்மாவின் குரல்.

"மேடம், இந்த டப்பால இருக்கறத எடுத்துக்கட்டுமா? ஆரத்திக்கி."

தலையை ஆட்டினேன். மேசையில் மஞ்சள்தூள் பாக்கெட் ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. நான் எதையுமே நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு கேன்டீனில் நடந்ததை அன்வர் பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்வர் பாய் எங்கள் கேன்டீன் பொறுப்பாளர். கிருஷ்ணகிரிக்காரர். ஊரே அழுதாலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கும்.

முனியம்மா தண்ணீரில் பொடியைப் போட்டிருக்கிறார். அது கரையவில்லை. நனையக்கூட இல்லை. மேலே ஏடு கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறது. சுண்ணாம்பைச் சேர்த்திருக்கிறார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் பொத்தென்று சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. சுண்ணாம்பு அடியில் வெள்ளையாக, பொடி மேலே மஞ்சளாக, நடுவில் தண்ணீர் யாருக்கோ வந்த விருந்து மாதிரி சும்மா நின்றிருக்கிறது.

"இன்னா பாய், செவக்கவே மாட்டேங்குது. வெளுப்பா வேற இருக்குது."

"கஸ்தூரி மஞ்சளா இருக்கும்க்கா. லேப் மேடம் மூஞ்சிக்குப் பூச வாங்கிருப்பாங்க."

"அவங்க பூசற ஆளா? வாசன வேற இல்ல."

"இந்தக் கம்பெனில நம்ம மூக்குக்கு எதுலதான் வாசன வருது? அடுப்புல வெச்சிப் பாரு. சூட்டுல எல்லாம் வழிக்கு வரும்."

நான் அங்கே இருந்திருந்தால் அந்த நிமிடம்கூடப் பிழைத்திருக்கலாம். அந்தச் சட்டியில் இருந்தது வெறும் கலவை. ஒரு துணியில் வடிகட்டினால் கந்தகம் கந்தகமாகவே திரும்பி வந்திருக்கும். ஆனால் அடுப்பில் வைத்தார்கள். கால் மணி நேரம் கொதித்தது. மிதந்துகொண்டிருந்த மஞ்சள் ஏடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, தண்ணீர் எலுமிச்சையாகி, தேனாகி, கடைசியில் அந்திவானத்தின் செம்மஞ்சளுக்கு வந்து நின்றது. கந்தகமும் சுண்ணாம்பும் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டன. அன்வர் பாய் கைதட்டினார். முனியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் வாடை கிளம்பியது.

அழுகின முட்டையின் வாடை. ஆயுத பூஜையன்று, நிலைவாசலில் மாவிலை கட்டிய தொழிற்சாலையில், நாலு சுவரிலும் முட்டை மணந்தது. செல்வக்குமார் திருநெல்வேலிக்காரர். சுத்த சைவம். மூக்கைப் பொத்திக்கொண்டு நேராகக் கேன்டீனுக்கு வந்தார்.

"பாய், பூச அன்னைக்கு யாரு முட்ட அவிச்சது?"

"முட்டையே இல்ல சார் இன்னிக்கி."

"வாடை வருதுல்லா?"

"வருது சார். முட்டை இல்லாமயே வருது. அதான் எனக்கும் பயமா இருக்குது."

மேலாளர் பாத்திரங்களைத் திறந்து திறந்து பார்த்தார். குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டார். தொழிலாளிகளின் சாப்பாட்டுப் பைகளைச் சோதிக்கச் சொன்னார். தறியில் ஓடும் நூல்போல ஆட்கள் அங்கும் இங்கும் ஓடினார்கள். இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஓனரம்மா காரில் வந்து இறங்கிவிட்டார். ஆரத்தி எங்கே என்று கேட்டார். முனியம்மா சட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார்.

நான் அப்போதுதான் போனை வைத்துவிட்டு வந்து கூட்டத்தின் பின்னால் நின்றேன். ஷெட் முழுக்க ஆட்கள். புது மிஷினுக்குக் கழுத்து இல்லாததால் மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் ஸ்விட்ச் பெட்டியில் போட்டிருந்தார்கள். ஓனரம்மா சின்ன உருவம், எண்பதை நெருங்கும் வயது. வெள்ளித் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முனியம்மா ஆரத்தியை அதில் ஊற்றினார். வெற்றிலை வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள்.

ஒரு சுற்று. தட்டின் விளிம்பில் தேன் நிறம் படர்ந்தது. இரண்டாவது சுற்று. அது செம்பாகி, ஊதாவாகி, மயில் கழுத்து நீலமானது. அவ்வளவு அழகான ஒரு கெடுதலை நான் அதுவரை பார்த்ததில்லை. மூன்றாவது சுற்றில் தட்டு கரி.

அதன் மேல் கற்பூரம் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

"ஏனாயித்து?" என்றார் ஓனரம்மா, தட்டைப் பார்த்து. என்ன ஆயிற்று என்று தட்டையே கேட்பது போல இருந்தது. பிறகு மகனைப் பார்த்தார். "நம்ம அத்தெ கொடுத்த தட்டுப்பா இது."

கூட்டத்தில் ஒரு சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "மிஷினுக்கு எதுனா தோஷம் இருக்கும் சார். இன்னிக்கி ஸ்டார்ட் பண்ண வேணாம்." ஸ்விட்சில் வைத்திருந்த கையை ஓனர் எடுத்துவிட்டார்.

செல்வக்குமார் மூக்கிலிருந்து கையை எடுத்தார். "ஆரத்தி கரச்சது யாரு?"

"நான்தாங்க சார்," என்றார் முனியம்மா.

"மஞ்சள எங்கருந்து எடுத்த?"

அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. வாடை, நிறம், கறுத்த வெள்ளி, எல்லாம் வரிசையாக வந்து என் சாப்பாட்டு டப்பாவின் முன்னால் நின்றன. முனியம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் முப்பது தலைகள். பிறகு பார்வையைத் தரையில் போட்டார்.

"மேசை மேல இருந்துச்சி சார். நானா எடுத்துக்கினேன்."

நானாக. அந்த ஒரு சொல் என் காதில் விழுந்தபோது நான் என்ன செய்தேன் என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நிம்மதி அடைந்தேன். அரை நொடி. அந்த மாதம் தரக் கட்டுப்பாட்டுத் தலைமைப் பொறுப்புக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. தணிக்கைத் தாளில் என் கையெழுத்து வேறு.

செல்வக்குமார் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பேனாவை எடுத்தார். "கேக்காம கொள்ளாம லேப் சாமான எடுக்கியா? இந்த லட்சணத்துல பெர்மனென்ட் வேற." நாலாவது பெயருக்கு மேல் பேனா முனை இறங்கியதைப் பார்த்தேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன். போனவள் நேராக உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாடம் எடுத்தேன்.

"இதுல தோஷம் எதுவும் இல்ல. கந்தகம்கறது ஒரு தனிமம். அது தண்ணியில சுண்ணாம்போட சும்மா கெடந்தா கலவை. கொதிக்க வெச்சா சேர்மம். அது வெள்ளி மேல பட்டா வெள்ளியும் கந்தகமும் சேந்து இன்னொரு சேர்மம், கறுப்பா..."

நாற்பது பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அன்வர் பாய் மட்டும் கேட்டார். "அப்ப முட்டை எங்க மேடம்?"

"முட்டை கெடையாது பாய். முட்டை கெட்டாலும் இந்தக் கந்தக வாயுதான் வரும். அந்த முட்டை வாடையே கந்தகத்தோட வாடைதான்."

"அப்ப முட்டைக்குள்ளயும் சல்பர் இருக்குதா? இத்தன நாளா அதத்தான் ஆம்லெட் போட்டனா?"

சிலர் சிரித்தார்கள். ஓனரம்மா சிரிக்கவில்லை. தட்டைப் பிடித்திருந்த கையை இறக்காமலே என்னிடம் கேட்டார்.

"அதெல்லா சரிம்மா. ஆரத்தி சட்டிக்கி கந்தகம் தானா நடந்து வந்துதா?"

எனக்கு இருந்த எல்லா அறிவியலும் அந்த ஒரு கேள்வியில் தீர்ந்துபோனது.

"இல்லம்மா. என் சாப்பாட்டு டப்பால நான்தான் போட்டு வெச்சேன். லேபிள் ஒட்டல. முனியம்மாக்கா எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்க. நான் பாக்காம தலைய ஆட்டினேன்."

செல்வக்குமாரின் பேனா நின்றது. "மேடம், போன வாரம் நீங்கதான கையெழுத்து போட்டிய, லேபிள் இல்லாத டப்பா ஒண்ணுகூட கெடையாதுன்னு?"

"ஆமா சார். அதுவும் பொய்யாப் போச்சு."

"இத நான் ரிப்போர்ட்டா எழுதணும். எழுதுனா ஒங்க ஃபைல்ல ஏறும்."

"எழுதுங்க. நானே எழுதித் தரேன்."

அவருக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பட்டியலை மடித்துப் பைக்குள் போட்டார். முனியம்மாவின் பெயரை அடித்தாரா இல்லையா என்று அந்த மடிப்பில் எனக்குத் தெரியவில்லை. "திங்கக்கெழம பாத்துக்கிடுவோம்," என்றார். பிறகு ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டுமே என்று, பக்கத்தில் கிடந்த இரும்பு நாரை எடுத்துக்கொண்டு தட்டைத் தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க சார்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது மேல ஒட்டுன அழுக்கு இல்ல. அந்தக் கறுப்புக்குள்ளதான் வெள்ளி இருக்கு. தேய்ச்சா வெள்ளியும் சேந்து போயிடும்."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அழுக்கும் வெள்ளியும் கலவையாக இருந்திருந்தால் செல்வக்குமார் சரி. துடைத்தால் போயிருக்கும். இது சேர்மம். இதைப் பிரிக்கத் துணி போதாது, கை பலமும் போதாது. கந்தகத்தை வெள்ளியைவிட அதிகமாக விரும்புகிற ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து, அது வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். அவசரத்தில் எது கையில் கிடைக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு தேய்க்கப் போகாதீர்கள். முதலில் உங்கள் முன்னால் இருப்பது எந்த வகை என்று கேளுங்கள்.

"பாய், அலுமினிய இட்லிப் பானை இருக்கா?"

"இருக்குது. அதுலயும் கந்தகம் போடப் போறீங்களா?"

"சோடா உப்பு, கல்லுப்பு, கொதிக்கிற தண்ணி. கொண்டாங்க."

பூஜை மிஷினிலிருந்து கேன்டீனுக்கு இடம் மாறியது. நாற்பது பேரும் பின்னால் வந்தார்கள். ஓனரம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். தட்டைக் கழுவி, இட்லிப் பானையின் அடியில் அலுமினியத்தைத் தொடும்படி படுக்கவைத்தேன். உப்பும் சோடாவும் தூவிக் கொதிநீர் ஊற்றினேன். நுரை எழும்பியது. மறுபடியும் முட்டை வாடை. செல்வக்குமார் வெளியே போய் நின்றுகொண்டார்.

இது புத்தகத்தில் படித்தது, வீட்டில் ஒரு பழைய கொலுசுக்குச் செய்தது. ஒரு மாமியாரின் நினைவு முழுசாகப் பானைக்குள் கிடக்கும்போது செய்ததில்லை.

"வேகுதா?" என்றார் ஓனரம்மா.

"இன்னும் ரெண்டு நிமிஷம்மா."

"சட்னிக்கு அரைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அன்வர் பாய் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இடுக்கியால் தட்டைப் புரட்டினேன். விளிம்பில் ஒரு பிறை அளவு வெள்ளை. புரட்டப் புரட்டப் பிறை வளர்ந்தது. கறுப்பு நீலமாகி, நீலம் தேனாகி, வந்த வழியே திரும்பிப் போனது. வெளியே எடுத்துத் துடைத்தபோது தட்டு முழு நிலவாக இருந்தது. இட்லிப் பானையின் அடி மட்டும் கறுத்துப் போயிருந்தது. அன்வர் பாய் அதைத் தட்டிப் பார்த்தார். "நாளைலருந்து இதுல யாருக்கு இட்லி, மேடம்?" என்றார். அந்தப் பானையை லேபுக்கே எடுத்துக்கொண்டேன். பெரிதாக லேபிள் ஒட்டினேன்.

ஓனரம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில இவ்ளோ பளபளப்பு இல்ல," என்றார். பிறகு முனியம்மாவைக் கூப்பிட்டார். "நீயே இன்னொரு ஆரத்தி கரை. இந்த வாட்டி பாக்கெட் மஞ்சள். நா பக்கத்துல நின்னு பாக்கறேன்."

முனியம்மா கரைத்தார். பொத்தென்று சிவந்தது. மிஷின் ஓடியது. பொரியும் கடலையும் வழக்கம்போல் கொடுத்தார்கள். ஆனால் பட்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓனரம்மாவும் பேசவில்லை. முனியம்மா என் பக்கம் வரவே இல்லை. சாயங்காலம் வேனில் ஏறிப் போய்விட்டார்.

அன்று உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதினேன். 'காரணம்' என்ற இடத்தில் முதலில் 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்று எழுதினேன். அது ஒரு கலவை. அதில் என் தவறோடு முனியம்மாவையும் கலக்கியிருந்தேன். அடித்துவிட்டு எழுதினேன்: 'லேப் பொறுப்பாளர் கந்தகத்தைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்ததும், அதை எடுக்க அனுமதி கேட்டபோது பார்க்காமல் தலையாட்டியதும். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.' கையெழுத்துப் போட்டு செல்வக்குமாரின் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். "இவ்வளவு வெவரமா எழுதணும்னு இல்ல மேடம்," என்றார். எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு கார் வந்தது. டிரைவர் ஒரு கோணிப்பையை லேபில் இறக்கினார். உள்ளே ஓனரம்மா வீட்டு வெள்ளி: டம்ளர், குங்குமச் சிமிழ், குத்துவிளக்கு, பேரனின் பால் கிண்ணம், பெயர் தெரியாத சாமிகள் மூன்று. 'இட்லி பானையில் போட்டுத் தரவும்' என்று ஒரு சீட்டு. பத்து மணிக்குச் செல்வக்குமாரே சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவர் மனைவியின் கொலுசு. "வாடையத்தான் பொறுத்துக்கிடணும், என்ன?" என்றார். பட்டியலைப் பற்றிக் கேட்டேன். ஒட்டியாச்சே என்றார்.

தலைமைப் பொறுப்பு எனக்கு வரவில்லை. சென்னையிலிருந்து வேறொருவர் வந்தார், நல்ல மனிதர். அந்த நாற்காலியைப் பற்றி எனக்கு இப்போது வருத்தம் இல்லை. அன்று இருந்தது.

அறிவிப்புப் பலகையின் முன்னால் முனியம்மா நின்றிருந்தார். அவர் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் மாதிரிதான்.

"படிச்சிச் சொல்லுங்க மேடம்."

படித்தேன். நாலாவது பெயருக்கு மேல் பேனா தொட்ட ஒரு சின்ன நீலப் புள்ளி இருந்தது. கோடு இல்லை.

"இன்னொரு தபா."

படித்தேன். மூன்றாம் முறை அவர் கேட்காமலே படித்தேன். அவர் தலையாட்டினார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என்னோடு லேப் வரை நடந்தார். வாசலில் நின்றார்.

"எதுக்குக்கா நீங்களா எடுத்ததாச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒங்களக் காட்டிக் குடுக்க எனக்கு வரல மேடம். நீங்க ஒத்துக்காமப் போயிருந்தாலும் நான் சொல்லிருக்க மாட்டேன்." மேசைக்கு அடியில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். பெருக்கத் தொடங்கினார். "ஆனா இந்த ரூமப் பெருக்க மட்டும் வந்திருக்க மாட்டேன். காலத் தூக்குங்க."

தூக்கிக்கொண்டேன்.